பழம்பொருள் காத்த மருத்துவர்

திருவண்ணாமலைத் திருக்கோயிலுக்கு வருவோர் கிழக்கு வாயிலில் நின்று, பதினொரு நிலைகளோடு விண்ணளாவி நிற்கும் கோபுரத்தை அண்ணாந்து நோக்குவர், கைகூப்பித் தொழுவர், பின்னர் உள்ளே செல்வர். உள்ளே உள்ள கற்சுவர்களை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. அச்சுவர்களில் எழுத்துகள் வரிவரியாக வெட்டப்பட்டுள்ளன. திருவிளக்கு எரிக்க ஆடுகள் அளித்தவர் யார், திருவமுதுக்கு நிலம் விட்டவர் யார், எம்மன்னன் ஆண்ட எத்தனையாவது ஆண்டில் அக்கொடை நிகழ்ந்தது என்பன போன்ற செய்திகளை அவை கூறும். யான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நாளில் மாணவரை அங்கே அழைத்துச் சென்று அவ்வெழுத்துகளைக் காட்டுவதுண்டு. ஒருநாள் ஒரு சிறுவன், இத்தகைய பழைய எழுத்துகளைத் தேடிப் படித்தறிந்தோர் யாவர் என்றும், அவர்களுக்கு அதற்குக் கூலி கொடுத்தவர் யார் என்றும் வினவினான். கூலியைப் பற்றிய வினாவைக் கேட்டு மற்றை மாணவர் நகைத்தனர். எனக்கு நகைப்பு உண்டாகவில்லை.

அச்சிறுவன் கேட்டது தக்க வினாவே ஆகும். பழம்பொருள்களைத் தேடுதற்கும், கல்லெழுத்துகளைப் படியெடுத்தற்கும், சுவடிகளைக் கறையானுக்கு இரையாகாமற் காத்தற்கும் கைப்பொருள் வேண்டும். அரசர்களும் ஆங்கில அரசாங்கத்தாரும் அப்பணியிற் செலவிட்டமை பலரும் அறிந்தது. தம் உழைப்பால் ஈட்டிய பொருளை அதில் இட்ட தனி மனிதரும் நம் நாட்டில் இருந்தனர். அவருள் ஒருவர், இன்று மும்பை எனப்படும் பம்பாய் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் பாவு தாஜி. அன்று அச்சிறுவனுக்கு யான் கூறிய வரலாறே இங்கு எழுதப்படுகின்றது.

பாவு தாஜியின் இயற்பெயர் இராமச்சந்திர விட்டல் லாட் என்பது. பாவு என்னும் மராத்திச் சொல் உடன்பிறந்தானைக் குறிக்கும். அவர் அப்போது போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்த கோவாவில், மாந்திரே என்னும் சிற்றூரில், 1822-ஆம் ஆண்டிற் பிறந்தார். குடும்பம் வறியது. சிறுவர் பாவு சதுரங்க ஆட்டத்தில் மிக வல்லவராய் இருந்தார். அவர் ஆடிய திறத்தைக் கண்ட ஆங்கிலேயர் ஒருவர், இப்பிள்ளைக்கு ஆங்கிலக் கல்வி அளித்தல் வேண்டும் எனத் தந்தையாரிடம் வற்புறுத்தினார். தந்தையார் ஊரை விட்டுப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, மகனை எல்பின்ஸ்டன் கல்விநிலையத்தில் சேர்த்தார். அந்நகரில் அவர்தம் பிழைப்புக்கு வாய்த்த தொழில் களிமண் பொம்மை விற்றல். பொம்மைகளின் நடுவே வளர்ந்த பிள்ளை பிற்காலத்திற் சிலைகளையும் கலைப்பொருள்களையும் போற்றியது பொருத்தமே எனக் கூறுவாரும் உளர். பொம்மை விற்ற காசில் பள்ளிச் சம்பளம் செலுத்திய தந்தையே என் மனத்தில் முன்வந்து நிற்கின்றார்.

கல்வியில் அவர் முதன்மை பெற்றார். கத்தியவாரிலும் கச்சிலும் பெண் குழந்தைகளைக் கொல்லும் கொடிய வழக்கம் அக்காலத்தில் நிலவிற்று. அதனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பரிசு பெற்றது. கற்ற நிலையத்திலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அவ்வளவில் அமைந்திருப்பின் ஒரு நல்லாசிரியராக வாழ்ந்து மறைந்திருப்பார். 1845-ஆம் ஆண்டிற் பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. பாவு தாஜி ஆசிரியப் பணியை விடுத்து மீண்டும் மாணவரானார். பிணத்தைத் தொட்டு அறுத்துக் கற்றலைச் சாதிக்கேடு எனப் பலர் கருதிய காலம் அது. அக்கல்லூரியின் முதல் அணியில் தேர்ச்சி பெற்று, 1851-ஆம் ஆண்டில் அவர் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

தொழில் விரைவில் வளர்ந்தது. செல்வரும் வறியரும் அவர் வாயிலை நாடினர். சில்லாண்டுகளிற் பெரும்பொருள் சேர்ந்தது. அவர் தம்பி நாராயண் தாஜியும் மருத்துவரே. உடன்பிறந்தார் இருவரும் சேர்ந்து ஏழைகளுக்குப் பொருள் பெறாது மருந்தளிக்கும் நிலையம் ஒன்றையும் நடத்தினர். மேனாட்டு மருத்துவத்தைக் கற்றவராயினும் பாவு தாஜி வடமொழி மருத்துவ நூல்களை ஒதுக்கினாரல்லர். அந்நூல்கள் புகழும் மருந்துகளைத் தாமே ஆராய்ந்து, உண்மையில் பயன் தருவன எவை எனத் தேர்ந்து கண்டார். பழைய மருத்துவ நூல்களைப் படிக்கப் புகுந்தவர்க்கு அவற்றை இயற்றியோரின் காலம் யாது என்னும் ஐயம் எழுந்தது. காலத்தை அறிய வேண்டின் கல்வெட்டும் காசும் துணையாதல் வேண்டும். ஆசிரியராய் இருந்த நாளிலேயே அரும்பிய அவ்வார்வம் இப்போது பொருளின் துணைபெற்றுப் பெருகியது.

அவர் பழங்காசுகளை வாங்கினார். செப்பேடுகளையும் சுவடிகளையும் தேடிப் பெற்றார். காலையில் நோயாளிகளின் நாடியைப் பிடித்த விரல்கள் இரவில் தேய்ந்த காசின் விளிம்பைத் தடவிப் பார்த்தன. பழைய பிராமி எழுத்தைப் படிக்கும் முறையை ஜேம்ஸ் பிரின்செப் என்பார் கண்டறிந்தது 1837-ஆம் ஆண்டில்தான். அதுவரை பாறைகளில் இருந்த எழுத்துகளை வாசிப்பார் ஒருவரும் இலர். ஆதலின் பாவு தாஜி புகுந்த துறை அவர் காலத்திற் புதிது, பிழைபடவும் இடமுள்ளது.

மருத்துவத் தொழிலுடையவர் நினைத்தபோதெல்லாம் ஊரூராய்த் திரிதல் இயலாது. அவருக்குக் கால்களாகவும் கண்களாகவும் அமைந்தவர் பகவான்லால் இந்திராஜி என்னும் இளைஞர். சௌராட்டிரத்தில் ஜுனாகட் என்னும் ஊரில் 1839-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவ்வூருக்கு அருகே கிர்நார் மலைக்குச் செல்லும் வழியில் ஒரு பெரும் பாறை உண்டு. அதன்மேல் அசோகப் பேரரசர் ஆணைகளும், உருத்திரதாமன் என்னும் சகமன்னன் கி. பி. 150-ஐ ஒட்டி வெட்டுவித்த செய்தியும், கந்தகுப்தன் காலத்துச் செய்தியும் உள்ளன. ஒரே பாறையில் மூன்று பேரரசுகளின் குரல்! அவற்றுட் பின்னைய இரண்டும் சுதர்சனம் என்னும் ஏரி பெருமழையில் உடைந்ததையும், அதன் கரை மீண்டும் கட்டப்பட்டதையும் கூறுகின்றன. ஏரி உடைப்பும் கரையடைப்பும் நம் நாட்டு உழவர் நன்கறிந்தவை. ஏறத்தாழ 300 ஆண்டு இடைவெளியில் ஒரே ஏரி இருமுறை உடைந்து, இருமுறையும் அதே பாறையில் எழுதப்பெற்றது என்பதை அறியும்போது, அரசர் பெயர்ப் பட்டியலாக இருந்த வரலாறு நம் ஊர்க் கதையாகிவிடுகின்றது.

அப்பாறையை இளமை தொட்டே பார்த்து எழுத்துகளைத் தானே பயின்றவர் பகவான்லால். அவரைப் பாவு தாஜி தம்மிடம் வரவழைத்துச் சம்பளம் அளித்துப் பணியில் அமர்த்தினார். அவர் காடும் மலையும் கடந்து இந்திய நாட்டின் பல பகுதிகளுக்கும் நேபாளத்திற்கும் சென்றார்; குகைகளில் விளக்கேந்தி நின்று படியெடுத்தார்; காசுகளைத் திரட்டினார். படிகள் பம்பாய்க்கு வந்தன. பாவு தாஜி அவற்றை ஆராய்ந்து, அரச ஆசியக் கழகத்தின் பம்பாய்க் கிளை வெளியிட்ட இதழிற் கட்டுரைகளாக எழுதினார். ஜுனாகட்டுப் பாறையின் உருத்திரதாமன், கந்தகுப்தன் கல்வெட்டுகள் அவ்வாறு திருந்திய வடிவில் வெளிவந்தவையே.

இவ்விடத்தில் ஒன்று கூறாது விடல் முறையன்று. அக்கட்டுரைகளின் தலைப்பில் விளங்கும் பெயர் பாவு தாஜியினுடையது. வெயிலில் நின்று கல்லைத் துடைத்துப் படியெடுத்தவர் பெயர் அங்கே தலைமை பெறவில்லை. அக்கால வழக்கம் அதுவே எனக் கூறி அமைதல் எளிது. எனினும் படிப்பவர் இரு பெயர்களையும் சேர்த்தே நினைத்தல் நேர்மை. பாவு தாஜி மறைந்த பின்னர்ப் பகவான்லால் தம் பெயராலேயே எழுதிப் பெரும்புகழ் எய்தினார். ஆலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் நல்கியது. அப்பயிற்சிக்கு வித்திட்டது மருத்துவர் தந்த பொருளும் நம்பிக்கையுமே என்பதும் உண்மை.

அசந்தா குகைகளுக்குப் பாவு தாஜி தாமே சென்றார். அங்குள்ள ஓவியங்களின் அழகை உலகம் அப்போதுதான் அறியத் தொடங்கியிருந்தது. பாறையில் வெட்டிய எழுத்துகளேயன்றி வண்ணத்தால் தீட்டிய எழுத்துகளும் அங்கே உண்டு. நீர்க்கசிவாலும் வௌவால்களாலும் அவை நாடோறும் அழிந்து வந்தன. பதினாறாம் குகையின் கல்வெட்டு வாகாடகர் என்னும் அரச மரபைப் பற்றியது. அதனையும் பிறவற்றையும் அவர் படித்து வெளியிட்டார். அவர் வாசித்தவற்றிற் பிழைகள் இருந்தன. பின்வந்த அறிஞர் பலவற்றைத் திருத்தினர். ஆயினும் திருத்துதற்கு ஒரு படி முன்னரே கையில் இருத்தல் வேண்டுமன்றோ?

சுவடி தேடியதில் அவர் அடைந்த பெரும்பேறு ஆரியபட்டரைப் பற்றியது. ஆரியபட்டர் கி. பி. 499-இல் தம் நூலை இயற்றிய வானநூற் பேரறிஞர். அவர் பெயரைப் பின்னோர் நூல்களில் அறிந்திருந்த மேனாட்டறிஞர்க்கு அவர்தம் நூல் கிடைத்திலது. ஆரியபட்டர் என்னும் பெயருடையார் இருவர் இருந்தமையின் அவருள் யார் நூல் எது என்னும் குழப்பமும் மிகுந்திருந்தது. வட நாட்டில் தேடிக் கிடையாத சுவடி, தென்கோடியில், மலையாள நாட்டில் இருந்தது. 1864-ஆம் ஆண்டில் பாவு தாஜி அங்கிருந்து ஆரியபட்டீயச் சுவடிகளைப் பெற்றார். மறு ஆண்டில் ஆரியபட்டர், வராகமிகிரர், பிரமகுப்தர், பாஸ்கரர் முதலியோரின் காலத்தைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியுரை இலண்டனில் வெளியாயிற்று. உ. வே. சாமிநாதையர் தமிழ்ச் சுவடிகளைத் தேடி ஊரூராய் அலையத் தொடங்கும் முன்னரே, பம்பாய் மருத்துவர் ஒருவர் நம் அண்டை நாட்டுச் சுவடியை நாடியிருக்கின்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இனி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் காட்சிச்சாலையின் வரலாற்றைக் காண்போம். 1855-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் ஒரு பெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்கென இந்தியக் கைவினைப் பொருள்களும் விளைபொருள்களும் பம்பாயிலிருந்து திரட்டப்பட்டன. அனுப்பியவற்றின் இணைப் பொருள்களைக் கொண்டு நகரிலேயே ஒரு காட்சிச்சாலை அமைக்கலாம் எனக் கருதி, கோட்டைக்குள் இருந்த பழைய படைவீடு ஒன்றில் அவற்றை வைத்தனர். 1857-இல் வடநாட்டில் பெரும் புரட்சி எழுந்தது. படைவீட்டைப் படைஞர்க்கே திருப்பித் தருமாறு ஆணை பிறந்தது. பொருள்களை விரைந்து அப்புறப்படுத்தியதிற் பல உடைந்தன, பல சிதறின. அரிதின் திரட்டிய செல்வம் ஒரு நாளிற் குப்பையாயிற்று.

இந்நிலையில் ஜார்ஜ் பேர்ட்வுட் என்னும் ஆங்கிலேயர் எஞ்சியவற்றைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். அவரும் மருத்துவரே. நகரத்துப் பெருஞ்செல்வரும் கல்வித் தொண்டருமான ஜகந்நாத் சங்கர்சேட் துணை நின்றார். 1858-இல் நகர மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், காட்சிச்சாலைக்கெனத் தனிக் கட்டடமும் அதனைச் சூழப் பூந்தோட்டமும் அமைத்தல் வேண்டும் என முடிவு செய்யப்பட்டது. பொருள் திரட்டும் குழுவின் செயலாளராகப் பேர்ட்வுட்டோடு பாவு தாஜியும் அமர்ந்தார். டேவிட் சாசூன் முதலிய வணிகர் வாரி வழங்கினர். 1862 நவம்பர் 19-ஆம் நாள் பைகுல்லாப் பகுதியில் ஆளுநர் சர் பார்ட்டில் பிரியர் அடிக்கல் நாட்டினார்.

சென்னையிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. பாவு தாஜி தொழில் தொடங்கிய அதே 1851-ஆம் ஆண்டில் எட்வர்ட் பால்பர் என்னும் அறுவை மருத்துவரின் பொறுப்பில் சென்னைக் காட்சிச்சாலை தோன்றியது. உயிரற்ற பொருள்களைக் காட்டும் அதனைப் பொதுமக்கள் செத்த காலேஜ் என்றும், விலங்குகளைக் காட்டும் இடத்தை உயிர்க் காலேஜ் என்றும் வழங்கினர். நோய்க்கு மருந்து கொடுக்கும் கைகளே பழம்பொருள்களையும் பேணியது ஏன் என்று யான் பலகாலும் எண்ணியதுண்டு. உடலை உறுப்புறுப்பாக உற்றுநோக்கிப் பழகியவர்க்கு, ஓர் உடைந்த சிலையும் காரணம் வினவ வேண்டிய பொருளாகத் தோன்றும் போலும்.

பம்பாய்க் கட்டடம் எழுந்துகொண்டிருந்த காலத்தில் அந்நகரிற் பணவெள்ளம் பெருகியது. அமெரிக்க நாட்டில் 1861 முதல் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தமையால், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி செல்வது நின்றது. இந்தியப் பருத்திக்குப் பொன் விலை கிடைத்தது. கிடைத்த பணத்தை மக்கள் புதிது புதிதாய் முளைத்த கூட்டுவாணிகக் கழகங்களின் பங்குகளில் இட்டனர். பெருஞ்செல்வரும் சிறு வணிகரும் கற்றோரும் ஒருங்கே அச்சுழலில் வீழ்ந்தனர். 1865-இற் போர் முடிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. பங்குகள் வெற்றுத் தாள்களாயின. பாவு தாஜியும் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். ஏடுகளின் காலத்தை நுணுகி ஆராய்ந்த அறிஞர் தம் காலத்துச் சந்தையின் போக்கை அறிந்திலர். கட்டட வேலையும் பொருளின்றித் தளர்ந்தது. பின்னர் அரசாங்கம் பொறுப்பேற்று அதனை முடித்தது. 1872 மே 2-ஆம் நாள் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலை என்னும் பெயரோடு அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பொருள் இழந்த பின்னரும் நகரத்தார் அவரை மதித்தனர். 1869-இலும் 1871-இலும் பம்பாயின் செரீப் என்னும் மதிப்புப் பதவி அவரை நாடி வந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் உறுப்பினருள் அவரும் ஒருவர். மாணவர் இலக்கிய அறிவியற் கழகத்தின் தலைவராய் இருந்து பெண்கல்விக்கு உழைத்தார். அன்பர்கள் பொருள் திரட்டி அவர் பெயரால் ஒரு பெண்கள் பள்ளியை நிறுவினர். 1853-இல் சாங்கிலியிலிருந்து விஷ்ணுதாஸ் பாவே தம் நாடகக் குழுவோடு பம்பாய்க்கு வந்தபோது, ஆங்கிலேயர் பயன்படுத்திய அரங்கில் அவர்கள் நடிக்கத் துணைபுரிந்தார். அந்நாளிற் புதுமையாய் இருந்த ஒளிப்படக் கலையிலும் உடன்பிறந்தார் இருவர்க்கும் ஈடுபாடு உண்டு.

அவர் வாழ்வில் இன்றும் வினாவாக நிற்பது ஒன்று. தொழுநோய்க்கு மருந்து காண அவர் நெடுங்காலம் முயன்றார். அந்நோயாளரை உறவினரும் அஞ்சி விலக்கிய காலம் அது. அவரோ அவர்களைத் தம் இடத்திற்கு வரவிட்டு மருந்தளித்தார். பலர் குணம் கண்டதாகச் செய்தி பரவிற்று. மருந்து யாதெனப் பிற மருத்துவர் கேட்டனர், செய்தித்தாள்களும் கேட்டன. ஆராய்ச்சி முற்றும் முன் வெளியிடலாகாது என்று கருதி அவர் அதனை மறைத்தே வைத்தார். அவர் காலத்திற்குப் பின்னரே அது ஒரு மரவிதையின் எண்ணெய் எனத் தெரிய வந்தது. அவ்வகை மரத்தை நம் சித்த மருத்துவர் நீரடிமுத்து என்பர். சல்போன் மருந்துகள் 1940-களில் வரும்வரை அவ்வினத்து எண்ணெயே உலகெங்கும் தொழுநோய்க்குத் தரப்பட்டது. காசையும் சுவடியையும் கல்வெட்டுப் படியையும் உலகறிய வெளியிட்டவர், இம்மருந்தை மட்டும் வெளியிடாது காத்தது முறையோ? அரைகுறையாக அறிந்த மருந்தைப் பரப்பினால் உயிர்க்கு ஊறு நேரும் என்னும் அச்சம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆயினும் அத்தயக்கத்தால் மருந்து சில்லாண்டுகள் பிறர்க்குக் கிட்டாமற் போயிற்று.

இறுதி ஆண்டுகளில் வாதநோய் அவரை வீழ்த்தியது. 1874-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐம்பத்திரண்டாம் அகவை அளவில், அவர் இயற்கை எய்தினார். அதே ஆண்டில் ஆலந்து நாட்டறிஞர் கெர்ன் ஆரியபட்டீயத்தை லைடன் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். தம்பி நாராயண் தாஜியும் அடுத்த ஆண்டிலேயே மறைந்தார். பாவு தாஜி தேடித் திரட்டிய வடமொழிச் சுவடிகள் ஆசியக் கழகத்தை அடைந்து, அவர் பெயராலேயே தனித்தொகுதியாக வைக்கப்பட்டன. பங்குச் சந்தையில் இட்ட பணத்திற்குக் கணக்கே இல்லாது போயிற்று. சுவடிகள் எத்தனை, அவை எவை என்பதற்கு அச்சிட்ட பட்டியலே இருக்கின்றது.

பைகுல்லாக் காட்சிச்சாலைக்கு 1975 நவம்பர் 1-ஆம் நாள் டாக்டர் பாவு தாஜி லாட் காட்சிச்சாலை எனப் பெயர் மாற்றப்பட்டது. நாளடைவிற் பழுதுற்ற அக்கட்டடம் செம்மையாகப் புதுக்கப்பெற்று 2008-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பழுதுபார்ப்பு, பழமை குன்றாது செய்யப்பட்டமைக்காக 2005-லேயே யுனெஸ்கோவின் பாராட்டைப் பெற்றிருந்தது. உள்ளே வெள்ளிப் பாத்திரங்களும் தந்த வேலைகளும் மட்பாண்டங்களும் உள்ளன. நகரத்து மக்களின் உடையையும் தொழிலையும் காட்டும் சிறு களிமண் உருவங்களும் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக நிற்கின்றன. பொம்மை விற்ற தந்தையார் இவற்றைக் கண்டிருப்பின் விலை என்ன என்று கேட்டிருப்பாரோ!

வெளியே தோட்டத்தில் ஒரு கல்யானை நிற்கின்றது. பம்பாய்க்கு அருகே கடலிடை உள்ள காராபுரித் தீவில் அது முன்னர் நின்றது. அதனைக் கண்டே போர்த்துக்கீசியர் அத்தீவுக்கு எலிபண்டா எனப் பெயரிட்டனர். 1864-இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லக் கருதித் தூக்கியபோது தூக்குப்பொறி தாங்காமல் யானை கீழே வீழ்ந்து துண்டு துண்டாயிற்று. அத்துண்டுகளை வீசி எறியாமல் இத்தோட்டத்திற்குக் கொண்டுவந்து இட்டனர். அவை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவ்வாறே கிடந்தன. 1914-ஆம் ஆண்டில் அவற்றைப் பொருத்தி மீண்டும் யானையாக நிறுத்தினர். காட்சிச்சாலைக்குள் நுழைவோர் அதனைக் கண்ட பின்னரே உள்ளே செல்கின்றனர்.